என் ஹாலுக்குச் சதுர அடி இருபத்தைந்து

என் வீட்டுக்காரர் ஊரில் உள்ளவர்கள் வீட்டுக்கெல்லாம் டைல்ஸ் போடுவார். எங்கள் ஹாலில் மட்டும் சிமெண்ட் பெயர்ந்து நடுவில் ஒரு பள்ளம். நாற்காலியின் ஒரு கால் அதில் இறங்கிவிடும். வருகிற விருந்தாளியெல்லாம் சாய்ந்தபடியே நலம் விசாரித்துவிட்டுப் போவார்கள். ஹாலுக்கு வேண்டிய டைல்ஸ் வருஷக்கணக்காகக் கட்டிலுக்கடியில் கிடந்தது. கேட்டால், "அடுத்த வாரம் போட்டுடறேன்" என்பார். எந்த வருஷத்து அடுத்த வாரம் என்று கேட்டால் கோபம் பொத்துக்கொண்டு வரும்.

இந்த நேரத்தில் கடைத்தெருவில் ஒரு பல் ஆஸ்பத்திரி கட்டினார்கள். குறைந்த கூலி சொல்பவருக்குத்தான் தரை வேலை என்று டாக்டர் சொல்லிவிட்டார். போட்டிக்கு இருந்தது ஒரே ஆள். தரை சமமாக இருக்கிறதா என்று நீர்க்குமிழி ஓடிக் காட்டுமே, அந்த ரசமட்டத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டேதான் எங்கும் போவார். அதனால் அவருக்குப் பெயரே ரசமட்டம். என் வீட்டுக்காரர் சதுர அடிக்கு அறுபது வாங்குபவர். அந்த மனிதர் என்ன விலை சொல்வாரோ என்று இவருக்குச் சோறு இறங்கவில்லை.

கடைசியில் ஒரு யோசனை உதித்தது. "நம்ம வீடு எதுன்னு அவனுக்குத் தெரியாது. உன் தம்பிய வீட்டு ஓனரா நடிக்கச் சொல்லு. ஹாலுக்கு விலை கேப்போம். அவன் வாயாலயே ரேட் வந்துரும்."

என் தம்பி பள்ளிக்கூட நாடகத்தில் மரமாக நின்றதோடு நடிப்பை விட்டவன். இருந்தாலும் ஒத்துக்கொண்டான். டைல்ஸ் வெட்டும் மெஷின், முழங்கால் பட்டை, சிமெண்ட் ஒட்டிய செருப்பு எல்லாவற்றையும் சமையலறைக்குள் ஒளித்துவிட்டு, அவற்றோடு இவரும் ஒளிந்துகொண்டார்.

ரசமட்டம் வந்தார். வந்ததும் ரசமட்டத்தைத் தரையில் வைத்தார். குமிழி ஒரு மூலைக்கு ஓடியது, திரும்பி வரவேயில்லை.

"இது தரையா, சறுக்கு மரமா? யாரு போட்டது?"

"யாரோ ஒரு அரைகுறைங்க" என்றான் தம்பி. ரொம்ப நாளாக மனதில் இருந்தது போலிருக்கிறது.

சமையலறையில் பெரிதாக ஒரு இருமல் கேட்டது.

"உள்ள யாருங்க?"

"பூனைங்க."

"பூனைக்கு நெஞ்சுல சளி கட்டியிருக்கு. கவனிங்க" என்றவர் நிமிர்ந்தார். அவர் கண் தம்பியின் தலைக்கு மேலே சுவரில் போய் நின்றது. அங்கே எங்கள் கல்யாண போட்டோ. செருப்பைக்கூட ஒளித்த மனிதர், மாப்பிள்ளைக் கோலத்தில் இளித்துக்கொண்டு நின்ற தன்னை மறந்துவிட்டார்.

ரசமட்டத்தின் மீசை துடித்தது. சமையலறைப் பக்கம் திரும்பிக்கொண்டு உரக்கச் சொன்னார்: "சதுர அடிக்கு இருபத்தஞ்சு போதுங்க!"

அந்தக் கூலிக்குத் தரையைப் பெருக்கக்கூட யாரும் வரமாட்டார்கள். விஷயம் புரிந்து உள்ளே ஓடினேன். இவர் அதற்குள் பின்வாசலில் நின்று டாக்டருக்குப் போன் போட்டிருந்தார். "இருபத்தி நாலுக்கே முடிச்சுத் தர்றேன் டாக்டர்!" வேண்டாம் வேண்டாம் என்று இரண்டு கையையும் ஆட்டினேன். வாழ்த்துகிறேன் என்று நினைத்து இவரும் கையை ஆட்டினார்.

"அவர் உங்க போட்டோவப் பாத்துட்டாருங்க! வேணும்னே சொன்ன விலைங்க அது!"

பல்லைப் பிடுங்கியது போல இவர் முகம் ஆகிவிட்டது. "டாக்டர் சரின்னுட்டாரே" என்றார். "சொன்ன சொல்ல மாத்தினா நாளைக்கு எவன் கூப்பிடுவான்?"

எனக்கு வந்ததே ஆத்திரம். பின்வாசலில் ஒரு ஏமாளி, முன்வாசலில் ஒரு எமகாதகர், நடுவில் என் பள்ளம் விழுந்த ஹால். விடுவிடுவென்று முன்பக்கம் போனேன். ரசமட்டம் சிரிப்பை அடக்கிக்கொண்டு செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார்.

"அண்ணே, இருபத்தஞ்சு சம்மதம். நாளைக்கே ஆரம்பிச்சுடுங்க. டைல்ஸ் கட்டிலுக்கடியில ரெடியா இருக்கு."

சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. "இல்லம்மா... அது சும்மா ஒரு பேச்சுக்கு..."

"சும்மாவா? நீங்க சொன்ன விலையில நிக்கமாட்டீங்கன்னு டாக்டர்கிட்ட சொல்லட்டுமா?"

மறுநாள் வந்துவிட்டார்.

அங்கே இவர் நஷ்டத்தில் டைல்ஸ் போட, இங்கே அவர் நஷ்டத்தில் டைல்ஸ் போட்டார். வேலை விட்டு வந்ததும் என் வீட்டுக்காரர் ஒவ்வொரு டைல்ஸையும் காசால் தட்டி, எங்காவது அடியில் பொள்ளலாகச் சத்தம் வருகிறதா என்று பார்ப்பார். ஒன்றில்கூட வரவில்லை. நஷ்டத்தைவிட அதுதான் அவரை வாட்டியது. நான் நாற்காலியை மூலைக்கு மூலை இழுத்துப் போட்டு, நேராக உட்கார்ந்து உட்கார்ந்து பார்த்தேன். அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

வேலை முடிந்த அன்று இருவரும் புதுத் தரையில் சம்மணம் போட்டு டீ குடித்தார்கள்.

"இனிமே அறுபதுக்குக் கீழ இறங்கவே கூடாதுண்ணே."

"சத்தியமா இறங்கமாட்டேன்."

கையும் குலுக்கிக்கொண்டார்கள். நான் டம்ளர்களை எடுத்துக்கொண்டே கேட்டேன்: "நல்லது. அப்ப சமையலறைக்கு எவ்வளவு?"

"அறுபது!" என்றார்கள் இருவரும் ஒரே குரலில். ஆமாம், தாலி கட்டிய மனிதரும்தான்.

"சரிங்க" என்றேன். "இன்னையிலேர்ந்து இந்த வீட்டுல சாப்பாடும் தட்டுக்கு அறுபது. எனக்குப் போட்டியா வேற ஆளும் கிடையாது."

என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். சுவரில் இருந்த போட்டோவைப் பார்த்தார். பிறகு பக்கத்தில் இருந்தவரிடம் மெதுவாகக் கேட்டார்: "அண்ணே, அந்த ரசமட்டத்தக் கொஞ்சம் குடுங்க."

வாங்கிக்கொண்டு, முழங்கால் பட்டையைத் தேடியபடி சமையலறைக்குள் போனார்.