விசேஷம் யாருக்கு இல்லை

1
இந்தக் கதை எனக்கு ஊரப்பாக்கம் ரயில் நிலையத்தில் கிடைத்தது. ஒரு பெண் இன்னொருத்தியிடம், "இன்னும் விசேஷம் இல்லையா?"* என்று கேட்டாள். பக்கத்தில் நின்ற கணவனிடம் கேட்கவில்லை. அவனுக்கு அரிகிருஷ்ணன் என்றும், அவன் மனைவிக்குச் சாமுண்டீஸ்வரி என்றும் பெயர் வைத்தேன்.

முதல் தொடக்கம்: டாக்டர் சொன்னதைக் கேட்டு அரிகிருஷ்ணன் இடிந்துபோய்...

(அடித்துவிட்டேன். அதிர்ச்சி அவ்வளவு சீக்கிரம் வராது. முதலில் காது தப்பாகக் கேட்கும்.)

* கர்ப்பம். பெண்ணிடம் மட்டுமே கேட்கப்படும் சொல்.

2
"உங்க சாம்பிள்ல விந்தணுவே இல்ல சார்."

"அதுக்கு இவளுக்கு என்ன மாத்திரை டாக்டர்?" என்றான் அரிகிருஷ்ணன்.

ஆறு வருடமாக ஊசி, விரதம், சிங்கப்பெருமாள் கோவில் மரத்தில் தொட்டில் எல்லாம் அவளுக்குத்தானே.

சாமுண்டீஸ்வரி மெதுவாகச் சொன்னாள்: "உங்களத்தான் சொல்றாரு."

அதன்பிறகுதான் அவன் மேசையைப் பிடித்துக்கொண்டான். பிறகு எடுத்த மரபணுச் சோதனையும் குறை அவனிடம்தான் என்றது. அம்மாவிடம் தானே சொல்வதாக அவளுக்கு வாக்குக் கொடுத்தான்.

3
கதையை இங்கே கொஞ்சம் நிறுத்தினால் பொறுத்துக்கொள்ளுங்கள். விந்தணு உருவாகும்போது அதன் தலைக்குள் டி.என்.ஏ. இறுகச் சுருண்டுவிடும். பிறகு அதிலிருந்து எதையும் படியெடுக்க முடியாது. அதனால் பின்னால் தேவைப்படும் கட்டளைகள் முன்பே ஆர்.என்.ஏ.வாக எழுதப்பட்டுவிடும். சில புரதங்கள் அவற்றைப் பற்றிக்கொண்டு, உரிய நேரம்வரை பேசவிடாமல் காக்கும், பிறகு விட்டுவிடும். அப்படி ஒரே ஒரு புரதம் பழுதானாலும் விந்தணு பாதி வளர்ச்சியில் நின்றுவிடலாம். அரிகிருஷ்ணனுக்கு நேர்ந்தது இதுதான். ஒரே ஒரு புரதம்! அதற்குத்தான் ஆறு வருடமாக இன்னொருத்தி உடம்பில் ஊசி.

4
அரிகிருஷ்ணனின் தங்கை சரோஜினிக்கு வளைகாப்பு. அம்மா செல்லியம்மாள் வளையல் போடப் பெண்களை ஒவ்வொருவராக அழைத்தாள். சாமுண்டீஸ்வரி எழுந்ததும் மாமியார் வளையல் தட்டைத் தன் பக்கம் நகர்த்திக்கொண்டாள்.

"நீ உள்ள போய் சாப்பாடு இன்னா ஆச்சுன்னு பாரும்மா."

பிள்ளை பெறாதவள் வளையல் போடக்கூடாதாம்.

முடிவு அ: அவன் பேசவில்லை, அவள் உள்ளே போகிறாள்.

முடிவு ஆ: அவன் கத்துகிறான், தட்டு விழுந்து வளையல்கள்... (சினிமா. வேண்டாம்.)

5
அவன் சொல்லவேண்டியதை இரண்டாம் பகுதியிலேயே எழுதிவிட்டேன். இதுவரை பிடித்துவைத்திருந்தது நான்தான். சாமுண்டீஸ்வரி சமையலறை வாசலில் நின்று அவனைத் திரும்பிப் பார்க்கிறாள். அவன் உதடு அசைகிறது, குரல் வரவில்லை. அவள் உள்ளே போவதற்குள் யாராவது ஒருவர் இதை வாய்விட்டுப் படிக்கவேண்டும். உங்களைத் தவிர இங்கே யாரும் இல்லை:

"கொற எங்கிட்டதாம்மா. அவகிட்ட இல்ல."