டீ போட்டுப் பேசியவள்

குச்சி என்ற பட்டப்பெயர் அவளுக்கு இருபத்திரண்டு வயதில் விழுந்தது. இப்போது நாற்பத்தொன்று. இன்றைக்கு அவளைக் குச்சி என்று கூப்பிட்டால் அவள் உட்கார்ந்திருக்கும் ஸ்டூலே சிரித்துவிடும். ஆனாலும் அந்தப் பெயரை வைத்தவள் வாயால் இன்னொரு தடவை கேட்டுவிட மாட்டோமா என்று ஏங்கிக்கொண்டிருந்தாள். பெயர்கூட வேண்டாம், அதோடு ஒட்டிக்கொண்டு வருமே ஒரு 'டீ', அது வந்தால் போதும். அதற்காகத்தான் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் புருஷனையும் பிள்ளைகளையும் நேற்றைய குழம்போடு வீட்டில் விட்டுவிட்டு, இந்தத் தாய்லாந்துக் கடையில் வந்து காத்திருந்தாள்.

வாசலில் 'தாய்லாந்துத் தெருவோரச் சாப்பாடு' என்று பலகை. உள்ளே தெருவோரம் மாதிரியே இருக்கவேண்டும் என்று நிறையச் செலவு செய்திருந்தார்கள். முதுகு சாய வழியில்லாத பிளாஸ்டிக் ஸ்டூல், ஒரு கால் குட்டையான தகர மேசை, தலைக்குமேல் வேண்டுமென்றே தொங்கவிட்ட ஒயர்கள். தெருவில் சும்மா கிடைக்கிற அவஸ்தையெல்லாம் இங்கே ஏசி போட்டுக் கிடைத்தது. மேசைக்கு மேசை நான்கு ஜாடிகள்: சர்க்கரை, மீன் சாறு, மிளகாய்த்தூள், பச்சைமிளகாய் மிதக்கும் வினிகர். கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் சமையல்காரம்மா ஓர் உயரமான மண் உரலில் பப்பாளிக்காயைச் சீவிப் போட்டு நசுக்கிக்கொண்டிருந்தார்.

இந்தக் கடையைக் குச்சி சும்மா தேர்ந்தெடுக்கவில்லை. அதில் ஒரு சூழ்ச்சி இருந்தது. பஞ்சுவுக்குக் காரம் ஏறினால் மரியாதை இறங்கிவிடும்.

பஞ்சுவும் அவளும் ஒரே நாளில் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். ஊசி போனதே தெரியாமல் ரத்தம் எடுப்பாள் பஞ்சு. "குத்தப் போறீங்களா?" என்று கண்ணை மூடிக்கொண்டு கேட்பவர்களின் கையில் பஞ்சை வைத்து, முழங்கையை மடக்கிவிட்டு, அடுத்த ஆளைக் கூப்பிட்டிருப்பாள். பெயர் அப்படி வந்ததுதான். இரண்டு பேரும் பெண்கள் விடுதியில் ஒரே அறையில் ஆறு வருஷம் இருந்தார்கள். சோப்பு, சீப்பு, சளி எல்லாம் பொது. விடுதிச் சாப்பாட்டில் காரம் தூக்கலாகிவிட்டால் பஞ்சு மூக்கைத் துடைத்துக்கொண்டே மேசையிலிருந்த அத்தனை பேரையும் டீ போட்டுத் திட்டுவாள். ஒருமுறை வார்டனுக்கே ஒரு 'டீ' விழுந்து, இருவரும் நாலு நாள் அவர் கண்ணில் படாமல் நடமாட வேண்டியிருந்தது.

பிறகு குச்சி மேற்பார்வையாளர் ஆனாள். ஆகி மூன்றாவது வாரம், காலைக் கூட்டம் வாசல்வரை நிற்கும்போது, பஞ்சு கூடத்தின் அந்தக் கோடியிலிருந்து சத்தம் போட்டாள். "ஏய் குச்சி, இங்க ஊசி தீந்துபோச்சுடி, ஒரு பெட்டி எடுத்துட்டு வாடி!" வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். குச்சிக்கு முகம் சுருங்கிவிட்டது. பஞ்சுவைச் சாமான் அறைக்குக் கூட்டிக்கொண்டு போய், "இனிமே இங்க டீ போடாத. எனக்குச் சங்கடமா இருக்கு" என்றாள்.

அந்த அறைக்கு வெளியே அப்போதுதான் வேலைக்குச் சேர்ந்திருந்த வரவேற்புப் பெண் நின்றிருக்கிறாள். பாதி காதில் விழுந்தது போதாதா? மறுநாள் காலையில் சாமான் அறைக் கதவில் ஒரு காகிதம் ஒட்டியிருந்தது: 'இங்கு டீ போடக்கூடாது. உத்தரவு, மேற்பார்வையாளர்.' டீ போடும் கெட்டிலையும் அந்தப் பெண் ஒளித்து வைத்துவிட்டாள். கூடமே விழுந்து விழுந்து சிரித்தது. சிரிக்காதவர்கள் இரண்டே பேர். அன்றைக்கு பஞ்சு "சரிங்க மேடம்" என்று ஆரம்பித்தது, வேலை முடிந்து பஸ் ஸ்டாப்பில் நிற்கும்போதும் "வரேங்க" என்று வந்து நின்றது. குச்சி முதலில் அதைக் கேலி என்று நினைத்தாள். கோபம் என்று பிறகு தெரிந்தது. எட்டு வருஷம் ஓடிவிட்டது. நடுவில் பஞ்சு ஓர் ஆஸ்பத்திரிக்கு வேலை மாறிப் போயும் அந்த 'ங்க' மட்டும் போகவில்லை.

குச்சியும் விடவில்லை. அவள் மாறினால் மாறட்டும், நான் மாறமாட்டேன் என்று ஒரு வீம்பு. இந்த எட்டு வருஷத்தில் ஒருநாள்கூட அவளை டீ போடாமல் கூப்பிட்டதில்லை. அதில் அவளுக்கு உள்ளூரப் பெருமை.

பஞ்சு வந்தாள். காதோரம் நரைத்திருந்தது.

"வாடி வாடி, எவ்ளோ நேரம்டி!"

"மன்னிச்சுக்கங்க, பஸ் சீக்கிரம் கிடைக்கல. நீங்க வந்து ரொம்ப நேரமாச்சா?"

'நீங்க' என்ற அந்தச் சொல் வந்ததும் குச்சி மேசையிலிருந்த ஜாடிகளை நேராக அடுக்கினாள். பரிமாறுபவர் வந்து, "டீ வேணுமா மேடம்? ஐஸ் போட்டது" என்று கேட்டார். அதற்குத்தானப்பா வந்திருக்கிறேன் என்று வாய்வரை வந்ததை விழுங்கிவிட்டுத் தலையாட்டினாள்.

"பப்பாளிக்காய் ரெண்டு தட்டு" என்றாள். சமையல்காரம்மா கண்ணாடிக்குப் பின்னாலிருந்து ஒரு மிளகாயைத் தூக்கிக் காட்டி, எத்தனை என்று புருவத்தால் கேட்டார். குச்சி ஐந்து விரலையும் விரித்தாள்.

"ஐயோ, எனக்கு மிளகாயே வேண்டாம்னு சொல்லுங்க" என்றாள் பஞ்சு. "வயித்துப் புண்ணு. ரெண்டு வருஷமா மாத்திரையிலதான் ஓடுது."

"ரெண்டு வருஷமாவா? ஏண்டி என்கிட்ட சொல்லல?"

"உங்களை எதுக்குங்க சிரமப்படுத்தணும்."

சூழ்ச்சி அத்தோடு படுத்துவிட்டது. அதைவிட, ஒரே சோப்பைத் தேய்த்துக் குளித்தவளின் வயிற்றுப் புண் தனக்கு இரண்டு வருஷம் தெரியாமலே இருந்திருக்கிறது என்பதுதான் குச்சிக்குத் தாங்கவில்லை. பஞ்சு கோழிச் சாறு ஊற்றிய நூடுல்ஸ் கேட்டாள். ஐந்து மிளகாய்த் தட்டு ஒன்று குச்சிக்கு முன்னால் வந்து உட்கார்ந்தது. கூடவே ஒரு சின்ன மூங்கில் கூடையில் ஒட்டரிசிச் சோறு.

இருவரும் பேசினார்கள். பிள்ளைகள் படிப்பு, வீட்டு வாடகை, முழங்கால் வலி. பஸ்ஸில் பக்கத்து சீட்டில் உட்காரும் யாரும் பேசக்கூடிய பேச்சு. குச்சி பேசிக்கொண்டே பப்பாளிக்காயை வாய் நிறைய அள்ளிப் போட்டாள். முதலில் புளித்தது, இனித்தது, அப்புறம் காது அடைத்தது. மூச்சை இழுத்தவளுக்குப் புரையேறிவிட்டது. கண்ணில் தண்ணீர் கொட்ட, டம்ளரைத் தேடிக் கையை நீட்டினாள்.

பஞ்சு ஸ்டூல் சரிய எழுந்து ஓடிவந்தாள். "தண்ணி குடிக்காதீங்க, இன்னும் எரியும்! இந்தச் சோறை வாயில போடுங்க, மெல்லுங்க, மெல்லுங்க!" ஒரு கை உச்சந்தலையில் தட்டியது, இன்னொரு கை சோற்றை உருட்டி வாயருகே கொண்டுவந்தது. கை பழைய கைதான், அதே மெத்து. "யாரோ உங்களை நினைக்கறாங்க போல" என்றாள்.

குச்சி சோற்றை மென்றாள். எரிச்சல் அடங்க அடங்க வேறொன்று தெளிவானது. பதறி ஓடிவரும்போதுகூட அவள் வாயில் 'நீங்க' தான் வந்தது. யோசித்துப் பேச அப்போது ஏது நேரம்? கோபம் என்றால் என்றைக்காவது தணியும் என்று எட்டு வருஷம் காத்திருந்தாளே, கோபம் எப்போதோ தணிந்திருக்கிறது. டீயும் அதோடு போய்விட்டிருக்கிறது.

"ஒரே ஒரு தடவை என்னை டீ போட்டுக் கூப்பிடேன்" என்றாள். வெட்கமே இல்லாமல் கேட்டாள். "அன்னைக்கு நான் சொன்னது தப்புதான். எட்டு வருஷமா அதைக் கேக்கணும்னு ஏங்கறேன்டி."

பஞ்சு தன் இடத்தில் போய் உட்கார்ந்தாள். உதட்டைக் கூட்டி, "சரி... சாப்பிடு... டீ" என்றாள். எழுத்துக்கூட்டிப் படிப்பது போல் வந்தது. இருவருக்கும் சிரிப்பு வந்து, பாதியில் நின்றது.

"வரமாட்டேங்குதுங்க. நெசமாவே வரமாட்டேங்குது." ஸ்பூனால் சாற்றைக் கலக்கினாள். "ஒண்ணு சொன்னா வருத்தப்பட மாட்டீங்களே? டீ போடாதன்னு சொன்னீங்களே, அதுகூட எனக்குப் பெரிசில்ல. பெரிய வேலைக்கு வந்துட்டீங்க, சரின்னு விட்டுட்டேன். மறுநாள் காலையில எல்லார் முன்னாடியும் என்கிட்ட 'ஏண்டி, ட்யூப்ல பேர் ஒட்டினியாடி'ன்னு கேட்டீங்க. நான் சொல்லக்கூடாது, நீங்க மட்டும் சொல்லலாம். அதுதான் அறுத்துது."

"அது பாசத்துலடி..."

"தெரியும். ஆனா ஒரு பக்கம் மட்டும் டீ போட்டா அது சிநேகிதம் இல்லீங்க. மேலதிகாரிதான் அப்படிக் கூப்பிடுவாங்க. அங்கேருந்து வேலை மாறினதே அதனாலதான். இப்பவும் நீங்க போன் பண்ணி 'என்னடி'ன்னா, நான் எழுந்து நின்னுதான் பேசறேன்."

குச்சிக்குத் திக்கென்றது. வீம்பாகக் காப்பாற்றி வந்த ஒன்று, இவளை எட்டு வருஷம் எழுப்பி நிற்க வைத்திருக்கிறது. பெருமையாவது, மண்ணாவது. மன்னிப்புக் கேட்க வாயெடுத்தாள். கேட்பதற்கும் 'என்னை மன்னிச்சுடுடி' என்றுதான் நாக்கு கிளம்பியது. பிடித்து நிறுத்தினாள். இனி ஒன்றுதான் அவளால் கொடுக்க முடியும். கொடுத்தால் தன்னுடைய டீயும் போய்விடும், இரண்டு பக்கமும் சமமாகக் காலி.

"நீங்க..." என்று ஆரம்பித்தாள். மிளகாய்கூட இவ்வளவு படுத்தவில்லை. "நீங்க... சாப்பிடுங்க. ஆறிடப் போகுது."

பஞ்சு ஸ்பூனை வைத்துவிட்டு அவளையே பார்த்தாள். அவள் முகம் மலரும் என்று குச்சி எதிர்பார்த்தாள். மலரவில்லை.

"இதைக் கேட்டா சந்தோஷமா இருக்கும்னு நினைச்சிருந்தேங்க. எத்தனை நாள் நினைச்சிருக்கேன் தெரியுமா?" புறங்கையால் கண்ணைத் துடைத்தாள். "கேட்டா, எனக்கு இருந்த ஒரே சிநேகிதியும் போயிட்ட மாதிரி இருக்கு."

குச்சி தகர மேசைக்குமேல் கையை நீட்டினாள். பஞ்சு பிடித்துக்கொண்டாள். என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று இருவருக்கும் தெரியாததால், ஒன்றும் சொல்லாமல் அப்படியே வெகுநேரம் உட்கார்ந்திருந்தார்கள்.