அரவிந்தன் டீமுக்குப் புது மேனேஜர்

உத்திரமேரூர் போகும் கூட்ரோட்டில் கம்பெனி பஸ் இளவரசியை இறக்கிவிட்டுப் போனபோது நன்றாக விடிந்திருந்தது. இரவு ஷிப்டு பார்த்த கண்ணைக் கசக்கிக்கொண்டு நிமிர்ந்தாள். நிழற்குடைக்கு மேல் புது பேனர். வெள்ளைச் சட்டையில் ராஜாராம் ஆளுயரத்துக்குக் கைகூப்பி நின்றிருந்தான். எங்கள் அணியின் புதிய மேனேஜரே வருக வருக என்று எழுதியிருந்தது. கீழ் மூலையில், டிபன் தட்டு அளவு வட்டத்துக்குள் அவள் தம்பி அரவிந்தனின் முகம். ராஜாராம் கும்பிட்டது ஊரைப் பார்த்துத்தான். ஆனால் பேனர் அடித்தவன் இரண்டு படத்தையும் ஒட்டிய விதத்தில், அவன் அரவிந்தனைக் கும்பிடுவதுபோல் இருந்தது.

உங்களுக்கு முதலிலிருந்து சொல்ல வேண்டும், பிள்ளைகளே. எங்கள் பக்கத்தில் ஆட்டக்காரப் பிள்ளை ஒருவன் செத்துப்போனால் டீமுக்கு அவன் பெயரை வைத்துவிடுவார்கள். அப்படித்தான் அது அரவிந்தன் நினைவு கால்பந்துக் குழு ஆனது. ஆடி மாதத்தில் ஒருநாள், பயிற்சி முடிந்து சைக்கிளில் வந்தவனை ஏரிக்கரைத் திருப்பத்தில் ஜல்லி லாரி அடித்துப் போட்டது. லாரி ராஜாராமுடையது. ஓட்டியதும் அவன்தான். ஸ்டேஷனில் அவனுக்குப் பதிலாகச் சம்பள டிரைவர் பெயரை எழுதிக்கொண்டார்கள். ஊரில் இது தெரியாதவர் இல்லை. வாய் திறந்து சொன்னவரும் இல்லை.

தாயில்லாத தம்பியை இளவரசிதான் வளர்த்தாள். அவனை வற்றிய ஏரிக்குள் பந்தாட விட்டுக் கரையில் உட்கார்ந்து பார்த்துப் பார்த்தே அவளுக்குக் கால்பந்துப் பைத்தியம் பிடித்தது. அவன் போன பிறகும் அது விடவில்லை. மேட்ச் நாளில் யாரிடமாவது கெஞ்சி ஷிப்டை மாற்றிக்கொள்வாள். கோட்டுக்கு வெளியே அவளுக்கென்று ஒரு நாற்காலி போடுவார்கள். ஆட்டம் தொடங்கும் முன் கேப்டன் பந்தைக் கொண்டுவந்து நீட்டுவான். அவள் கண்ணில் ஒற்றிக் கொடுத்த பிறகுதான் அது உள்ளே போகும். அப்புறம் மைக்கில் டீம் பெயரைச் சொல்ல ஆரம்பிப்பார்கள். அரவிந்தன் பால். அரவிந்தன் கார்னர். அரவிந்தன் கோல்.

வீட்டில் அந்தப் பெயர் இல்லை. சொன்னால் அப்பா கன்னியப்பன் எழுந்து மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விடுவார். கம்பெனியில் அவளுக்குத் தம்பி இருந்ததே யாருக்கும் தெரியாது. அவனை இன்னும் சத்தம் போட்டுக் கூப்பிடுகிற இடம் அந்த மைதானம் ஒன்றுதான்.

சாயந்திரம் கேப்டன் வினோத்குமார் வந்து வாசலிலேயே நின்றான். அரவிந்தனோடு ஒன்றாகப் படித்தவன். தலை குனிந்தபடி என்னென்னவோ சொன்னான். பழைய மேனேஜர் குடும்பத்தோடு ஓசூர் போய்விட்டாராம். பசங்கள் கிழிந்த ஜெர்ஸியோடு ஆடுகிறார்களாம். வெளியூர் மேட்சுக்கு வண்டி வைக்க ஆளில்லையாம். டீமையே கலைத்துவிடலாம் என்று இருந்தபோது ராஜாராமே கூப்பிட்டு, நான் பார்த்துக்கொள்கிறேன், பெயரை மட்டும் மாற்றாதீர்கள் என்றானாம்.

"டீமு இருந்தாத்தானேக்கா அவன் பேரு இருக்கும்" என்றான்.

இளவரசி கொடியிலிருந்து துணியை எடுத்துக்கொண்டிருந்தாள்.

"ஊரையே கேட்டுகினு வந்துகிற. என்னை ஒரு வார்த்தை கேட்டியா?"

"கேட்டா நீ வாணாம்னு சொல்லுவ."

"தெரியுதில்ல?"

அவன் அழுதான். அவளுக்கு அவனைத் திட்டவும் வரவில்லை, தேற்றவும் வரவில்லை. உள்ளே அப்பா மாட்டுக்குத் தண்ணீர் எடுக்கப் போகிற வாளிச் சத்தம் கேட்டது.

ஞாயிற்றுக்கிழமை மாகறலில், செய்யாற்றங்கரை மைதானத்தில் மேட்ச். போகக் கூடாது என்றுதான் சமைத்து முடித்தாள். பிறகு பார்த்தால் மாகறல் போகிற ஷேர் ஆட்டோவில் உட்கார்ந்திருந்தாள்.

நாற்காலி போட்டிருந்தார்கள். அவள் போய் உட்காரவில்லை. எதிர்ப்பக்கம், எல்லைக்கோட்டை ஒட்டிய வேப்பமரத்தடியில் நின்றுகொண்டாள். ராஜாராம் பார்த்தான். யாரையும் அனுப்பிக் கூப்பிடவில்லை. தானும் பந்தைக் கொண்டுவந்து நீட்டவில்லை. அதை அந்தக் காலி நாற்காலியில் வைத்துச் சற்று நேரம் நின்றான். பிறகு வினோத்குமாரை எடுத்துக்கொள்ளச் சொன்னான். குறை சொல்ல ஒன்றுமில்லை. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

எதிர் டீம் ஆட்களில் ஒருவன் கையை வாயில் குவித்துக் கத்தினான். "லாரி டீம் வர்து, ஓரமா நில்லுங்கடா." கூட்டம் சிரித்தது. சிரித்தவர்களில் பாதிப் பேருக்கு ஏன் சிரித்தோம் என்பது அப்புறம்தான் உறைத்திருக்கும். ராஜாராம் தரையைப் பார்த்தான்.

முதல் பாதியில் ஒரு கோல் வாங்கினார்கள். இடைவேளை முடிந்து வந்தபோது சஞ்சய் முன்னால் நின்றான். ஏரிக்கோடி இருளர் குடியிருப்புப் பையன், காற்று மாதிரி ஓடுவான். பழைய மேனேஜர் அவனைப் பின்னாலேயே நிறுத்தி வைத்திருந்தார். அவனை முன்னால் விடுங்கள் என்று இளவரசி எத்தனையோ முறை சொல்லியிருக்கிறாள், யாரும் காதில் வாங்கவில்லை. ராஜாராம் வந்த முதல் மேட்சிலேயே மாற்றிவிட்டான். ஆட்டம் தெரிந்தவன். அப்படி நினைத்ததற்காக அவள் தன் கையையே கிள்ளிக்கொண்டாள்.

சஞ்சய் இரண்டு பேரைத் தாண்டிப் போய் அடித்தான். வலை உப்பியது. மைக் அலறியது, அரவிந்தன் கோல். இளவரசி கத்திவிட்டாள். தொண்டை கிழியக் கத்தினாள், இரண்டு கையையும் தூக்கி. அந்தப் பக்கம் ராஜாராமும் கையைத் தூக்கியபடிதான் நின்றான். இருவரும் ஒரே நேரத்தில் இறக்கினார்கள்.

வெயில் சாய்ந்து ஆட்டம் முடிகிற நேரம். இன்னும் ஆளுக்கொரு கோல்தான். ராஜாராம் கத்திக்கொண்டே கோட்டை ஒட்டிச் சுற்றி இந்தப் பக்கம் வந்திருந்தான். எதிராளி காலில் பட்ட பந்து உருண்டு வெளியே வந்து வேப்பமரத்தடியில், அவள் காலடியில் நின்றது. அவள் குனிந்து எடுத்தாள். பையன்கள் உள்ளே இடம் பிடித்து நின்றுவிட்டார்கள். பக்கத்தில் இருந்தவன் ராஜாராம்தான். ஓடி வந்தவன் நான்கடி தள்ளியே நின்றான். மூச்சு வாங்கியது. பேனரில் இருந்ததைவிட வயதானவனாக இருந்தான். கோயிலில் பிரசாதம் வாங்குவதுபோல் இரண்டு கையையும் சேர்த்து நீட்டினான்.

"அக்கா, இன்னும் டைம் கீது, குடுக்கா" என்று சஞ்சய் உள்ளேயிருந்து கூப்பிட்டான்.

மைக்கில், அரவிந்தன் த்ரோ, அரவிந்தன் த்ரோ என்று சொல்லிக்கொண்டே இருந்தார்கள். பந்தில் ஒட்டியிருந்த செய்யாற்று மணலை அவள் முந்தானையால் துடைக்க ஆரம்பித்தாள். ஒரு பக்கம் துடைத்து, திருப்பி, மறுபக்கம். நீட்டிய கைகள் அப்படியே இருந்தன.