பாதி விலைக்குக் கேட்டவர்

பொத்தானைக் காணவில்லை. கண்ணாடிக்கடைக்காரர் தன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். சற்று முன்வரை கணினித் திரையில் இரண்டு வழிகள் இருந்தன. ஏலத்தில் கேட்கலாம், அல்லது சொன்ன விலையைக் கொடுத்து உடனே வாங்கிக்கொள்ளலாம். இப்போது ஏலம் மட்டும்தான் இருந்தது.

அவர் செய்தது ஒன்றும் பெரிய தப்பில்லை. ஏலத்தில் பாதி விலைக்குக் கேட்டிருந்தார். கடை வைத்த நாளிலிருந்து எதையும் அவர் பாதியில்தான் கேட்பார். அவரிடம் மூக்குக்கண்ணாடி ஃபிரேம் வாங்க வருகிறவர்களும் பாதியில்தான் தொடங்குவார்கள். விற்கிறவர் கொஞ்சம் இறங்குவார், வாங்குகிறவர் கொஞ்சம் ஏறுவார், முக்காலில் இரண்டு பேரும் சிரித்துக்கொண்டே பிரிவார்கள். அந்த நினைப்பில்தான் தொகையைத் தட்டினார். யாராவது ஒருவர் ஏலம் கேட்டுவிட்டால் நேரடியாக வாங்கும் வழி மூடிவிடும் என்று கீழே பொடி எழுத்தில் போட்டிருந்தது. இரண்டு வழியிலும் விற்பனைக்கு வந்த பொருளை அவர் இதுவரை வாங்கியதில்லை. ஊருக்கெல்லாம் பொடி எழுத்துப் படிக்கக் கண்ணாடி போட்டுக் கொடுக்கிற மனிதர் அதைப் படிக்காமல் விட்டுவிட்டார்.

பழைய மேடை இசைக்குழுக்களின் சாமான்களை அவர் இணையத்தில் தேடித்தேடிச் சேர்ப்பவர். கச்சேரி நோட்டீஸ், நசுங்கிய மைக், தோல் கிழிந்த டிரம். மனைவி அதையெல்லாம் துரு என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடுவாள். ஆனால் இந்தத் தடவை வந்திருந்தது ஓர் ஒத்திகை கேசட். பிற்பாடு பெயர் வாங்கிய ஒரு பாடகர் இளவயதில் பாடியது என்பதால் சேகரிப்பவர்களுக்கு அதன்மேல் கண். அந்தப் பாடகருக்குப் பின்னால் கோரஸ் பாடிய மூன்று பெண்களை யாரும் கணக்கில் எடுக்கவில்லை. அதில் ஒருத்தி மனைவியின் அக்கா. தொண்டையில் கட்டி வந்து குரல்வளையையே எடுத்துவிட்டார்கள். உயிர் மிஞ்சியது; மூச்சு கழுத்தில் போட்ட துளை வழியாக. மாடி அறையில் இருக்கிறாள்; யாரையாவது கூப்பிட வேண்டுமென்றால் கைதட்டுவாள். கோபம் வந்தால் தட்டல் பலமாக இருக்கும். அவள் பாடியது வேறெங்கும் பதிவாகவில்லை.

கடையின் பின்கட்டில் லென்ஸ் தேய்த்துக்கொண்டிருந்த மனைவியிடம் போய்ச் சொன்னார். அவள் இயந்திரத்தை நிறுத்தினாள்.

"பிடிச்சிருந்தா சொன்ன விலையைக் குடுத்துட்டு நிம்மதியா இருக்கணும்னு எத்தனை தடவ சொல்லியிருக்கேன்? இதுலயுமா பேரம்?"

"பாதியில ஆரம்பிச்சா..."

"கத்திரிக்கா வாங்கப் போனீங்களா?" அவள் கையைத் துடைத்துக்கொண்டாள். பிறகு குரல் இறங்கிவிட்டது. "அக்கா எப்படிப் பேசுவான்னு ஞாபகப்படுத்திப் பாக்கறேன். வர மாட்டேங்குதுங்க. கை தட்டுற சத்தம்தான் வருது."



அதன்பிறகு நாட்கள் நெஞ்சில் கல்லை வைத்தது போலப் போயின. ஏலம் கேட்கிறவர்களின் பெயரைத் தளம் நட்சத்திரக் குறிகளால் மறைத்துவிடும். இவர் ஒரு படி ஏறினால் யாரோ ஒருவர் இரண்டு படி ஏறினார். மனைவி அந்த ஆளுக்கு நட்சத்திரக்காரன் என்று பெயர் வைத்தாள். காலையில் பல் துலக்கும்போதே, நட்சத்திரக்காரன் என்ன பண்றான் என்று கேட்பாள். முதலில் சொன்ன நேரடி விலையைத் தாண்டிவிட்டான் என்று தெரிந்த அன்று இரண்டு பேருக்கும் சாப்பாடு இறங்கவில்லை. லென்ஸ் தேய்க்கும் புது இயந்திரத்துக்கு வைத்திருந்த தொகை ஒன்றுதான் கையிலிருந்தது. அந்தத் தொகை வரைக்கும் ஏலம் கேட்டாயிற்று. அதற்கு மேல் கடன்தான். கடன் வாங்கிச் சேகரிப்பதில்லை என்பது அவர் ஆண்டவனிடம் சொல்லி வைத்திருந்த வார்த்தை.

அன்று மாலை அவர் ஒரு காரியம் செய்தார். விற்பவரிடம் கேள்வி கேட்பதற்கென்று தளத்தில் ஓர் இடம் உண்டு. ஏலம் கேட்கிற எல்லோரும் அதைப் படிக்கலாம். அங்கே எழுதினார். கோரஸில் பாடும் ஒருவர் எங்கள் வீட்டு அக்கா, இப்போது அவருக்குக் குரல் இல்லை, கேசட் யாருக்குக் கிடைத்தாலும் சந்தோஷம், ஒரு பிரதி மட்டும் எடுத்துக் கொடுத்தால் போதும்.

மனைவி படித்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"நமக்கு இது எவ்வளவு வேணும்னு ஊருக்கே சொல்லிட்டீங்களே. இனி ஏத்தி விட்டுட்டு வேடிக்கை பாப்பான்."

"அப்படி ஒருத்தன் இருந்தா, இன்னொருத்தனும் இருப்பான்மா."

"உங்களுக்கு எல்லாரும் நல்லவங்க. அதான் நம்ம கடையில பாதிப் பேர் பாக்கி வெச்சிருக்காங்க."

ஏலம் முடியும் பிற்பகலில் கடைக்கு ஓர் ஓய்வுபெற்ற தபால்காரர் வந்திருந்தார். ஒவ்வொரு ஃபிரேமாகப் போட்டுப் பார்த்து, இது தன்னை நீதிபதி மாதிரி காட்டுகிறது, இது திருடன் மாதிரி காட்டுகிறது என்று கழித்துக்கொண்டிருந்தார். கண்ணாடிக்கடைக்காரர் அவருக்கு முகம் பார்க்கும் கண்ணாடியைப் பிடித்தபடியே மேசைமேலிருந்த திரையையும் பார்த்தார். நட்சத்திரக்காரன் பத்துப் படி மேலே இருந்தான். பின்கட்டில் இயந்திரச் சத்தம் நின்றிருந்தது. கடைசி விநாடிகளில் இன்னொரு தொகையைத் தட்ட அவர் விரல் போனது. வாய்க்குள் எதையோ சொல்லிக்கொண்டு விரலை மடக்கிக்கொண்டார். திரை சாம்பல் நிறமாயிற்று. தபால்காரர் கடைசியில் திருடன் ஃபிரேமையே எடுத்துக்கொண்டார், பாதி விலைக்குக் கேட்டு. கண்ணாடிக்கடைக்காரர் மறுபேச்சில்லாமல் கொடுத்துவிட்டார்.

பதில் வருமென்ற நம்பிக்கை மனைவிக்கு அறவே இல்லை. அவருக்கும் ஒரு வாரத்தில் அது பாதியாகிவிட்டது. பிறகு ஒரு நாள் நட்சத்திரக்காரனிடமிருந்து செய்தி வந்தது. கேசட் கைக்கு வந்துவிட்டது, நாடா நைந்திருக்கிறது, ஒரே ஒரு தடவைதான் ஓட்டப் போகிறேன், அறுந்தால் மன்னிக்க வேண்டும். மறுநாள் முழுக்கக் கடையில் யாருக்கும் எந்தக் கண்ணாடியும் சரியாகப் பொருந்தவில்லை. மூன்றாம் நாள் ஒலிக்கோப்பு வந்தது. கூடவே இரண்டு வரி: 'முடிவில் கோரஸ் பெண்கள் ஒருவர்பின் ஒருவராக நுழைகிறார்கள். இத்தனை நாள் நான் இவர்களைக் கவனித்ததே இல்லை. உங்கள் அக்கா யார்?'

மனைவி காதில் வைத்துக் கேட்டாள். திரும்பவும் கேட்டாள். முகம் வெளிறிவிட்டது.

"எதுன்னு தெரியலைங்க," என்றாள். "மூணும் யாரோ மாதிரி இருக்கு."

அக்காவுக்குப் போட்டுக் காட்டுவதா என்று இரண்டு பேரும் படியடியில் நின்று குசுகுசுவென்று பேசினார்கள். ஆறிய புண்ணைக் கிளறுவதா என்றாள் அவள். அக்காவுக்கும் அடையாளம் தெரியாமல் போய்விட்டால்? அந்தப் பயம் அவருக்கும் இருந்தது. ஆனாலும், அது அவங்க பொருள்மா, நாம ஒளிச்சு வெக்கக் கூடாது என்றார். அதற்குள் மாடியிலிருந்து கைதட்டல் கேட்டது. கீழே என்ன குசுகுசு என்பதுபோல இரண்டாவது தட்டல் பலமாக வந்தது.

அக்கா கட்டிலில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தாள். அவர் போனைத் தலையணைமேல் வைத்து ஓடவிட்டார். முதலில் நாடாவின் இரைச்சல். பிறகு இளவயதுப் பாடகரின் குரல். அக்கா துணியை விட்டுவிட்டாள். தங்கையைப் பார்க்கவில்லை, அவரைப் பார்க்கவில்லை, சன்னலைப் பார்த்தாள். பாடகர் இழுத்து நிறுத்தினார். முதல் பெண் நுழைந்தாள். அக்கா அசையவில்லை. இரண்டாமவள் சேர்ந்தாள். தங்கை கணவரின் சட்டையைப் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டாள்.

மூன்றாவது குரல் இன்னும் வரவில்லை. அக்காவின் முதுகு நிமிர்ந்தது. தோள்கள் மெல்ல மேலே ஏறின. அவள் மூச்சுவிடும் துளையை மூடிக் கழுத்தில் கட்டியிருந்த மெல்லிய வெள்ளைத்துணி, மூன்றாமவள் மூச்செடுக்க வேண்டிய அதே நொடியில், உள்ளே குழிந்தது.