மூன்றாவது டம்ளர்

மாமனாரின் இதயம் தாறுமாறாகத் துடிக்கிறது, காபியே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். காபியில்லாமல் மனிதர் பித்துப் பிடித்தவர் போலானார். மருமகனுக்கோ காபிக்கொட்டையிலிருந்து காஃபீனை நீக்கும் ஆலையில் வேலை. வெந்நீர்த் தொட்டியில் ஊறி, காஃபீன் இறங்கிய கொட்டையில் ஒரு பை கேட்டான். கூட்டாளி நிரப்பிக் கட்டிக் கொடுத்ததைப் பிரித்துக்கூடப் பார்க்காமல் வீட்டில் சேர்த்தான். மனைவி வறுத்து அரைத்தாள்.

“சப்புன்னு இருக்கும்னு நெனச்சேன் மாப்பிள்ளை. கண்ணு பளிச்சுன்னு ஆயிடுச்சு!” மாமனார் மூன்றாவது டம்ளரைக் காலி செய்தார்.

“வாசனைக்கே மயங்குற ஆளுப்பா நீங்க,” என்றாள் மகள்.

அவனும் சிரித்தபடி, பையில் வறுக்காமல் மிச்சமிருந்த கொட்டையை டப்பாவில் கொட்டினான். சிரிப்பு அப்படியே நின்றது.

தொட்டியில் ஊறிய கொட்டை வறுக்கும் முன்பே பழுப்பாகிவிடும். இது பச்சை. தொட்டிக்குள் இறங்கவே இல்லை.

அவன் மாமனாரின் மணிக்கட்டைப் பற்றினான். நாடி இரண்டு அடித்து, ஒன்று தவறி, பிறகு விரட்டி விரட்டி அடித்தது.

“கையைப் புடிச்சுக் கேக்க இனி என்ன இருக்கு? அதான் பொண்ணையே குடுத்தாச்சே!”

அவன் கையை விடவில்லை. மனைவியிடம் மட்டும் மெதுவாகச் சொன்னான்: “ஆம்புலன்ஸைக் கூப்பிடு.”