வால்வுப் பெட்டிக்குப் புதுக் காயில்

இன்னும் கொஞ்சம் கிட்ட வாருங்கள், என் கண்ணுகளே. பின்னால் இருப்பவர்களும் நகர்ந்து வந்து உட்காருங்கள். பெண்டாட்டியின் பெட்டியை எரித்துவிட்டு இருப்புக்கொள்ளாமல் அலைந்த ஒருவனைப் பற்றிச் சொல்லப்போகிறேன். முடிகிற வரைக்கும் உங்களை எழுந்திருக்க விடமாட்டேன்.

பிரவீன்குமாருக்குக் கள்ளக்குறிச்சியில் மைக் செட் தொழில். அவன் மனைவி தனுஷா கிடார் வாசிப்பவள். ஏழு வருஷம் கச்சேரிக் குழுக்களில் பாடகர்களின் முதுகைப் பார்த்துக்கொண்டே வாசித்தவள். அந்த ஞாயிற்றுக்கிழமை மலைமேல் கரியாலூர் விழாவில் முதல் தடவையாக மேடை நடுவில் அவள் மட்டும். அதற்கென்றே புதுச்சேரியில் ஒரு வாத்தியக்காரரிடம் பழைய வால்வு ஆம்ப்ளிஃபையர் ஒன்றை வாங்கி வந்திருந்தாள். அந்தக் காலத்து ரேடியோவுக்குள் கண்ணாடிக் குப்பி மாதிரி வால்வு எரியுமே, அதே ஜாதி. ஸ்பீக்கர் தனிப் பெட்டி.

வெள்ளிக்கிழமை காலை தனுஷா எலவனாசூர்கோட்டையில் ஒரு காதுகுத்துக்குப் போயிருந்தாள், பழகுவதற்குக் கிடாரையும் தூக்கிக்கொண்டு. அவள் வருவதற்குள் பெட்டியைச் சோதித்து வைப்போம் என்று இவனுக்கு ஆசை. கெட்ட எண்ணம் இல்லை பாருங்கள். மைக் செட்டில் அவனுக்கு ஒரு பழக்கம்: முதலில் ஆம்ப்ளிஃபையரைப் போடுவான், பாட்டை ஓடவிடுவான், அப்புறம்தான் ஸ்பீக்கர் ஒயரைத் தேடுவான். அவனுடைய செட்டுகள் அதைத் தாங்கும். வால்வு பெட்டி ஸ்பீக்கர் மாட்டாமல் ஓடினால் தாங்காது. ஒயர் எங்கே என்று அவன் கட்டிலுக்கடியில் குனிந்திருந்தபோதே உள்ளே படபடவென்று சத்தம், பிறகு புகை.

ரேடியோ கடை ராசு திறந்து பார்த்துவிட்டு, ஸ்பீக்கருக்குப் போகிற டிரான்ஸ்ஃபார்மரின் காயில் வெந்துவிட்டது, புதிது சென்னையிலிருந்து வரப் பத்து நாளாகும் என்றான். அந்த நேரம் பார்த்துத் தனுஷா போன் செய்தாள். பெட்டி எப்படி இருக்கிறது என்று கேட்டாள். நல்லா இருக்கு என்று இவன் வாய் தானாகச் சொல்லிவிட்டது.

ராசுவே வழியும் சொன்னான். தியாகதுருகத்தில் போர் மோட்டார்களுக்குக் காயில் கட்டும் பூமாலையின் கை நுணுக்கமான கை, அவளைப் போய்ப் பார் என்று. பிரவீன்குமார் வண்டியை முறுக்கினான். வழியில் டீ சொன்னான், பாதி டம்ளரோடு வைத்துவிட்டுக் கிளம்பினான். திரும்பவும் போன். திரும்பவும் நல்லா இருக்கு.

பூமாலை கரிந்த காயிலைப் பிரித்தாள். வெளிச்சுற்றுத் தடிமனான கம்பி, பிரிந்து வந்தது. உள்ளே தலைமுடி கனத்தில் இருந்தது உருகி வெல்லக்கட்டியாய் ஒட்டிக் கிடந்தது. இவனோ வாசலுக்கும் பட்டறைக்குமாக நடந்துகொண்டிருந்தான்.

"தம்பி, ஒரு எடத்துல நில்லு. உன் நெழலு கம்பி மேல வுழுது" என்றாள். "இதுல எத்தினி சுத்துன்னு எண்ண முடியாது. கணக்குச் சீட்டு எதுனா இருக்குதா?"

இருந்தது. பெட்டியை விற்ற வாத்தியக்காரர் சுற்றுக் கணக்கை எழுதிக் கொடுத்த சீட்டு. அது தனுஷாவின் கிடார் உறைக்குள் இருந்தது.

குத்துமதிப்பாகக் கட்டிவிடுங்கள் அக்கா, சத்தம் வந்தால் போதும் என்று கெஞ்சினான். பூமாலை திருப்புளியைக் கீழே வைத்தாள்.

"கட்டலாம். சத்தமும் வரும். மேடையில பாதி பாட்டுல பொகைஞ்சா நிக்கப்போறது நீயா, அந்தப் பொண்ணா?"

அவன் போனை எடுத்தான், பையில் போட்டான், மறுபடி எடுத்தான். கடைசியில் வெளியே வேப்பமரத்தடிக்குப் போய் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னான். அவன் முடித்ததும் அந்தப் பக்கம் போன் கட்டாகிவிட்டது.

ஒன்றேகால் மணி நேரத்தில் பஸ்ஸிலிருந்து இறங்கி வந்தாள், காதுகுத்துக்குக் கட்டிய பட்டுச்சேலையோடு, தோளில் கிடார். சீட்டைப் பூமாலையிடம் கொடுத்தாள். அவனைப் பார்க்கவேயில்லை.

"அக்கா, அவர கொஞ்சம் அந்தாண்ட ஒக்காரச் சொல்லுங்க."

"கேட்டுக்கினியா தம்பி?" என்றாள் பூமாலை.

சாயங்காலம் வரை தனுஷா சீட்டைப் படித்துச் சொல்லச் சொல்ல, பூமாலை அடுக்கடுக்காகச் சுற்றினாள், ஒவ்வொரு அடுக்குக்கும் ஒரு தாள் வைத்து. பிறகு வார்னிஷில் நனைத்து, தகரப் பெட்டிக்குள் குண்டு பல்பைப் போட்டு விடியும்வரை காயவைத்தாள். சனிக்கிழமை மத்தியானம் ராசு அதைப் பெட்டியில் பொருத்தினான். தனுஷாவே ஸ்பீக்கரை மாட்டி, சுவிட்சைப் போட்டு, வால்வு சூடேறும்வரை காத்திருந்து, கிடாரில் ஒரு கம்பியை மீட்டினாள். அந்தச் சத்தத்தை எப்படிச் சொல்ல? அடுப்பிலிருந்து இறக்கிய பால் மாதிரி, மேலே ஆடை கட்டிய சத்தம். ராசு சால்டரிங் கம்பியைக் கையில் வைத்துக்கொண்டே நின்றுவிட்டான்.

அப்போதுதான் அவள் புருஷனைத் திரும்பிப் பார்த்துப் பேசினாள்.

"பொட்டி எரிஞ்சதுக்குக்கூட எனக்குக் கோவமில்லீங்க. ரெண்டு தபா நல்லா இருக்குன்னு சொன்னீங்களே, அதுக்கு எந்தக் கடையில காயில் கட்டுறது?"

"தெரியல தனு" என்றான். "நீ மலைக்குப் போவாம நின்னுடுவன்னு பயந்துட்டேன்."

"பொட்டி இல்லன்னாலும் போயிருப்பேன். சொல்லியிருந்தா வேற ஏற்பாடு பண்ணியிருப்பேன்."

அதோடு சரி. மறுநாள் வேனில் மலை ஏறும்போதும் அவள் ஜன்னல் பக்கம்தான் பார்த்துக்கொண்டு வந்தாள். ஒவ்வொரு வளைவிலும் அவன் பெட்டியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தான்.

கரியாலூரில் கூட்டம் சேர்ந்துவிட்டது. அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டும் ஆயிற்று. மேடைக்குப் பின்னால் பிரவீன்குமார் கரண்ட்டை அளந்து பார்த்தான். இருநூற்று முப்பது வோல்ட் காட்ட வேண்டிய முள் நூற்றறுபதுக்கு மேல் ஏறவில்லை. விழாக்காரர்கள், பரவாயில்லை, ஆரம்பியுங்கள் என்று அவசரப்படுத்தினார்கள். இவன் நேரே மேடையேறி, அத்தனை பேர் பார்க்க அவள் முன்னால் நின்றான்.

"தனு, கரண்ட் ரொம்பக் கம்மியா இருக்குது. இப்ப போட்டா பொட்டி சரியா வேலை செய்யாது. கீழ ஊர்ல ஜெனரேட்டர் கேட்டிருக்கேன், அரை மணி ஆவும். கூட்டம் கலைஞ்சாலும் கலைஞ்சுடும். நீ இன்னா சொல்ற?"

தனுஷா அவன் முகத்தைப் பார்த்தாள். இரண்டு நாளில் அவ்வளவு நேரம் பார்த்தது அப்போதுதான்.

"இருக்கட்டுங்க. காத்திருப்போம்" என்று சொல்லிவிட்டு, பக்கத்து நாற்காலியில் இருந்த தன் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அவன் அந்த நாற்காலியில் உட்கார்ந்தான்.

ஜெனரேட்டர் வந்து சேர்வதற்குள் பாதிக் கூட்டம் போய்விட்டது, உண்மைதான். மீதி இருந்தவர்கள் அவள் வாசித்து முடிக்கும்வரை நகரவில்லை.

நீங்களும் இவ்வளவு நேரம் நகராமல் கேட்டீர்கள், தங்கங்களே. உங்கள் வீட்டில் எது பழுதானாலும் அன்றைக்கே வாய் திறந்து சொல்லிக்கொள்ளும்படி இருக்கட்டும். சொன்னவருக்குப் பக்கத்தில் உட்கார எப்போதும் ஓர் இடம் இருக்கட்டும். உங்கள் அடுப்பும் விளக்கும் குறைவில்லாமல் எரியட்டும்.