காகம் படைத்த கச்சான்

1
மடு மாதா மேல் ஆணையாகச் சொல்கிறேன்: இதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. 2006இல், கனடாவில், செயின்ட்-மிஷேலில், என் வீட்டுக் கோடிப்புறத்தில் எனக்கே நடந்தது. எழுத உட்கார்ந்ததும் ‘நான்’ என்ற சொல் மிகவும் ஒல்லியாகத் தெரிந்தது. ஆகவே எனக்குச் சண்முகலிங்கம் என்றும் மனைவிக்குப் பாலாம்பிகை என்றும் பெயர் வைத்துவிட்டேன். மற்றதெல்லாம் நடந்தபடியே.

2
புரட்டாதி வெயிலில் மேப்பிள் இலைகள் பொன்னாகி—

(வேண்டாம். பசித்தவன் இலை பார்ப்பானா?)

புரட்டாதிச் சனி. சண்முகலிங்கத்தார் விரதம். காகம் சனீஸ்வரனின் வாகனம். செத்துப்போன அப்பாவும் அதன் வடிவில்தான் வருவார். அது சாப்பிட்ட பிறகே இவருக்குச் சோறு. பொரித்த கத்தரிக்காய் வாசம் குசினியிலிருந்து வந்து வந்து அவரைக் கூப்பிட்டது. அவர் வேலியோரம் இலையில் சோறு வைத்து, “கா, கா” என்று காகத்தைக் கூப்பிட்டார். ஆறு காகங்கள் இருந்தன. ஆறும் பக்கத்து வீட்டு செலீன் நீலக்குருவிகளுக்காகத் தொங்கவிட்ட கம்பிக்கூட்டில், கச்சான் கடலை தின்றுகொண்டிருந்தன.

“இஞ்சேருங்கோ, வாய் வைச்சுதே?” குசினி யன்னலில் பாலாம்பிகை.

“கனடாக் காகமப்பா. சோறெண்டால் என்னெண்டு தெரியாது.”

“பஸ் மறிக்கிற மாதிரிக் கத்தினால் ஆர் வரும்?”

சத்தம் கேட்டு செலீன் வேலிக்கு வந்தார். “பொன்ஜூர், முசியே! காகங்களை ஏன் திட்டுகிறீர்கள்?” என்று பிரெஞ்சில் கேட்டார்.

சண்முகலிங்கத்தார் தம் பிரெஞ்சு முழுவதையும் செலவழித்து, ஏழு சொல்லில்* விளக்கினார்: அது என் அப்பா, அவர் சாப்பிட்டால்தான் நான் சாப்பிடலாம்.

செலீன் ஆறு காகங்களையும் நிதானமாகப் பார்த்தார்.

“இதில் எவர்?”

சண்முகலிங்கத்தார் மிகப் பருத்ததைக் காட்டினார். செலீன் அதற்கும் ஒரு பொன்ஜூர் சொல்லிவிட்டு, கூட்டைக் கழற்றிக்கொண்டு உள்ளே போனார்.

* இரண்டு ஆங்கிலம்.

3
இனி நம்பச் சிரமமான இடம். ஆனால் ஆணையிட்டிருக்கிறேன்.

பருத்த காகம் கடைசிக் கச்சானைக் கவ்விக்கொண்டு வேலிக்கு வந்தது. சோற்றை ஒரு கண்ணால் பார்த்தது. கோதை உடைத்தது. பருப்பை இலையின் ஓரத்தில் வைத்தது. இரண்டு அடி பின்வாங்கி, தலை சாய்த்து, “கா” என்றது. ஒரே தடவை, மரியாதையாக.

சண்முகலிங்கத்தார் இலையையும் காகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். படைப்பது காகம் என்றால், செத்தவர் யார்?

“என்னப்பா, வாய் வைச்சுதே?”

“இல்லை. என்னைப் பாத்துக்கொண்டு நிக்குது.”

“என்னத்துக்கு?”

“நான் சாப்பிட்டால்தான் தான் சாப்பிடுமாம்.”

யன்னலால் பாலாம்பிகையின் தலை நீண்டது.

“அப்ப அதுவும் விரதமோ?”

4
முடிவு ஒன்று: காகம் முந்திக்கொண்டு சோற்றில் வாய் வைத்தது. சரி, ஆனால் சப்பென்று இருக்கிறது.

முடிவு இரண்டு: அவர் கச்சானை எடுத்து வாயில் போட்டார். உப்பில்லை.

முடிவு மூன்று: பாலாம்பிகை அகப்பையோடு வெளியே வந்து, இருவரையும் பார்த்து—

நீங்களே முடித்துக்கொள்ளுங்கள். யார் முந்தினாலும் எனக்குச் சம்மதம். கத்தரிக்காய் ஆறுகிறதே என்பதுதான் கவலை.

நான் பிறவிக் கத்தோலிக்கன். எங்கள் வீட்டில் ஒரு சனிக்கிழமைகூட யாரும் காகத்துக்காகக் காத்திருந்து சாப்பிட்டதில்லை.